வேலியும் புழுவும்

நிஷாம் படியேறும் முன்பே அவன் பூசியிருக்கிற அத்தர் படியேறிவிடும். நிலம்பூருக்கு மேற்கே, ரப்பர் மலைகளுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஊரின் பாலியேட்டிவ் மையத்துக்கு அப்படியொரு மணம் தேவையே இல்லை. தீராத நோயில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற இடம் அது. மருந்து வாடைக்கே குமட்டுகிற ஆட்கள் வந்து உட்காரும் வராந்தாவில், அரை பாட்டிலை மேலே கொட்டிக்கொண்டு ஒருவன் நடக்கிறான் என்றால், அவனைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று ஹசீனா நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை. நினைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

ஹசீனாவுக்கு நாற்பத்தாறு வயது. டியூட்டோரியல் காலேஜில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள். காலேஜ் மூடிய பிறகு ஒன்பது வருஷமாக மையத்தின் ஒரே கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. அதற்குள் மூன்று அட்டவணைகள் இருந்தன. ஆட்களுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, வழிக்கு ஒன்று. வழி அட்டவணைதான் அவளுக்குப் பெருமை. அந்த மலைச் சரிவுகளில் கதவு எண்ணை நம்பிப் போகிறவனுக்குக் கதவு கிடைக்காது. பள்ளிவாசல் தாண்டி, பலாமரம் தாண்டி, யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவத்துக்குள் புகுந்துதான் போகவேண்டும். அதனால் டிரைவர் மொய்தீன் ஒரு சட்டம் போட்டிருந்தார்: ஒரு வளைவுக்கு ஒரு வரி. வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு வரியைப் பார்த்துத் திரும்ப வேண்டும், அடுத்த வரிக்கு அடுத்த திருப்பம். ஆகவே ஹசீனா ஒவ்வொரு திருப்பத்துக்கும் என்டர் தட்டித்தான் வழியை எழுதுவாள். வேறெந்த ஊரிலும் ஒருத்தரும் இப்படி விலாசம் எழுதியிருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை தோறும் அவள் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று ஓடும். மூன்று அட்டவணைகளையும் சேர்த்து, ஓர் ஆளுக்கு ஒரு வரியாக ஒரே கோப்பில் எழுதிவைக்கும். பதிவு எண், பெயர், வீட்டுப் பெயர், வழி, ஃபோன், மாத்திரை தீரும் நாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நெட்டைக் கோடு. காற்புள்ளி போட்டால் என்ன என்று கேட்பவர்கள் மலப்புறத்துக்காரன் விலாசம் எழுதிப் பார்த்ததில்லை. மத்தி மீனில் முள் இருக்கிற மாதிரி அதில் காற்புள்ளி இருக்கும். வழியில் அவள் தட்டிய என்டர்களைக் கோப்புக்குள் போகும்போது ஸ்கிரிப்ட் ஒரு நெளிகோடாக மாற்றிவிடும். இல்லாவிட்டால் ஓர் ஆள் ஐந்தாறு வரியாக உடைந்து சிதறிப்போவான். எல்லாம் எழுதி முடித்ததும் அவள் எண்ணுவாள். அட்டவணையில் எத்தனை ஆள், கோப்பில் எத்தனை வரி. இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் தேதியோடு எழுதி, பென்டிரைவில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைப்பாள்.

ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அந்தப் பென்டிரைவை என்னவென்று கேட்டதில்லை. நிஷாம்தான் கேட்டான்.

அவன் பதினொரு வருஷம் தோஹாவில் ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பியவன். என்ன வேலை என்று கேட்டால் விசிட்டிங் கார்டைக் கொடுப்பான். அதைப் படித்தாலும் என்ன வேலை என்று விளங்காது. மையத்தின் செயலாளர் வேலாயுதன் மாஷ் நல்ல மனிதர்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தும், விமானத்தில் போய்வந்தவன் எவனாக இருந்தாலும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிற நோய் மட்டும் அவருக்குத் தீரவில்லை. இணையத்தில் ஓடும் புது மென்பொருளை இலவசமாகவே போட்டுத் தருகிறேன் என்று நிஷாம் சொன்னதும் மாஷ் முழுதாகவே எழுந்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை நிஷாம் அவளுடைய கோப்பைத் திறந்து பார்த்தான். மாஷும், நர்ஸ் சதியும், மொய்தீனும் சுலைமானிச் சாயா குடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"இது என்ன இத்தா, வேலியா?" என்றான். நெளிகோட்டின் மேல் விரலை வைத்தான். "வேலியில புழு வேற ஊருது."

மாஷ் சிரித்தார். சதியும் சிரித்துவிட்டாள். மொய்தீன் பழம்பொரியைக் கடித்துக்கொண்டிருந்ததால் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. ஹசீனா விளக்க ஆரம்பித்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். உலகம் முழுக்கக் கமாதான் என்றான். நாங்கள் அங்கே ஒரு நாளைக்கு நாற்பது லட்சம் வரி ஏற்றுமதி செய்வோம், ஒரு வேலி கிடையாது, ஒரு புழு கிடையாது என்றான். விலாசத்தில் இருக்கிற கமாவை எல்லாம் தன் ஸ்கிரிப்ட் முதலிலேயே உருவி எறிந்துவிடும் என்றும் சொன்னான். அங்கேதான் இவன் மாட்டுவான் என்று காத்திருந்த ஹசீனாவுக்கு அது ஒரு சின்ன ஏமாற்றம்.

"வீட்டுல உக்காந்து தச்ச சட்டை மாதிரி இருக்கு இத்தா உங்க வேலை. நமக்குள்ள போட்டுக்கலாம். வெளிய போட முடியாது."

அதுவும் ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டது. அன்று காலை அவளுடைய ஸ்கிரிப்ட் ஓடியிருந்தது. அதுவே கடைசி என்று அவள் அங்கே நின்றபடியே முடிவு செய்தாள். இனி இவனே ஓட்டட்டும். மாஷும் அதையேதான் சொன்னார், இனிமேல் நிஷாம் பார்த்துக்கொள்வான், நீ கொஞ்சம் ஓய்வெடு என்று. ஓய்வு கேட்டது யார் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மையத்தின் நம்பர் காட்டாத பழைய லேண்ட்லைனில் ஒரு ஃபோன் வந்தது. ஒரு கிழவி, யாருடைய ஃபோனிலிருந்தோ கத்திப் பேசினாள். பெயர் சிருதா. தம்பி அப்புண்ணிக்குத் தொண்டையில் புற்று. ரப்பர் வெட்டுகிறவன். மெடிக்கல் காலேஜில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மார்பின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சனிக்கிழமை வரை வரும், அதற்குள் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று சொன்னார்கள். ஹசீனா பதிவு எண் போட்டாள், வழி கேட்டாள், கிழவி ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லச்சொல்ல என்டர் தட்டி எழுதினாள். சனிக்கிழமை வந்துவிடுவார்கள் சேச்சி என்றாள். டாக்டருக்குச் சொல்லி மருந்துச் சீட்டும் எழுதி வாங்கி வைத்தாள். வழியைக் காகிதத்தில் எழுதவில்லை. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே.

மறுநாள், வியாழக்கிழமை, நிஷாமின் ஸ்கிரிப்ட் முதல் தடவையாக ஓடியது. அவன் கோப்பைத் திறந்து முதல் இருபது வரிகளை எல்லாருக்கும் காட்டினான். கட்டம் கட்டமாக அழகாக இருந்தது. இருக்காமல் என்ன? முதல் இருபது பேர் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பதிவானவர்கள். அப்போது வழி அட்டவணையே கிடையாது, ஒற்றை வரி விலாசம்தான். மாஷ் கைதட்டினார். நிஷாம் கீழே போகவில்லை. கீழே போய்ப் பார்க்கிற வேலையெல்லாம் சின்ன ஆட்கள் செய்வது என்று அவன் முகமே சொன்னது.

ஹசீனா கீழே போனாள். அவன் கிளம்பிய பிறகு, கை தன் பாட்டுக்குப் பழக்கப்படி எண்ணியது. ஆட்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு. வரிகள் ஆயிரத்து நூற்று எண்பத்தேழு.

அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதை வெளியே சொல்ல முடியாது. கமாவை உருவினான், என்டரை மறந்தான். நாற்பது லட்சம் வரி ஏற்றுமதி செய்த மகானுக்கு மொய்தீனுடைய வளைவு ஒன்று தெரியவில்லை. ஒவ்வொரு ஆளும் மூன்று துண்டாய், ஐந்து துண்டாய், வழியில் உடைந்து கிடந்தார்கள். மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் இரண்டு எண்களையும் எழுதினாள். தேதி போட்டாள். மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

அப்போதே மாஷைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாஷ் நிஷாமுக்கு ஃபோன் போடுவார், அவன் பத்து நிமிஷத்தில் சரிசெய்வான், சின்ன விஷயம் மாஷே என்பான். வேலியும் புழுவும் மட்டும் எல்லாருக்கும் ஞாபகத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம் இருந்தது. புது மென்பொருளை அங்கேதான் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. நிஷாமுக்குப் பொன்னாடைகூட வாங்கியாயிற்று. அந்தக் கூட்டத்தில், பொன்னாடை அவன் தோளில் விழுந்த பிறகு, இந்தச் சீட்டை மேஜையில் வைத்தால் எப்படி இருக்கும்? அன்று ராத்திரி கஞ்சிக்குப் பயறு தாளிக்கும்போது அதைத்தான் திரும்பத்திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நிஷாமின் முகம் இன்னும் கொஞ்சம் சின்னதானது.

ஞாயிறு வரை பழைய கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மையத்துக்கு விடுமுறை.

சனிக்கிழமை காலை வந்தபோது மேஜையில் பழைய கம்ப்யூட்டர் இல்லை. சதி ஒரு புதுத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்காரி, கையில் ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் பேசுகிறவள்.

"இத்தா, இன்னிக்கு யாருக்கும் மாத்திரை தீரலியாம். நாளைக்கும் தீரலியாம். அடுத்த மாசமும் தீரலியாம். எல்லாருக்கும் நோவு தீந்துபோச்சு போல."

ஹசீனா அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். எண் இருந்தது, பெயர் இருந்தது, வீட்டுப் பெயர் இருந்தது. வழியில் முதல் வரி மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு வழி எழுதியிருந்த ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஃபோன் இல்லை, மாத்திரை தீரும் நாள் இல்லை. மலைக்காரர்கள் அத்தனை பேரும் முதல் திருப்பத்தோடு நின்றுபோயிருந்தார்கள்.

நிஷாமுக்கு ஃபோன் செய்தாள். ஏதோ கல்யாணத்தில் இருந்தான். பின்னால் பாட்டும் தட்டுச் சத்தமும் கேட்டது. நிதானமாகச் சொன்னான். கோப்பில் நம்பர் இல்லாமல் ஆரம்பிக்கிற குப்பை வரிகள் நிறைய இருந்ததாம். புது மென்பொருள் அதைச் சாப்பிட மாட்டேன் என்றதாம்.

"எண்ணூத்து எழுபத்தஞ்சு குப்பை இத்தா. ஒவ்வொண்ணா பாத்துத் தூக்கினேன். நேத்து ஒரு மணி நேரம் ஆச்சு."

தூக்கின கோப்பின் பழைய பிரதி எங்கே என்றாள். அதே பெயரில்தான் சேமித்தேன், இரண்டு கோப்பு இருந்தால் உங்களுக்குக் குழப்பமாகுமே என்றான். பழைய கம்ப்யூட்டர் எங்கே என்றாள். சுத்தமாகத் துடைத்து பிசியோதெரபி அறைக்குக் கொடுத்தாயிற்று, அங்கே பாட்டுக் கேட்க ஒன்றும் இல்லை என்று மாஷ் வருத்தப்பட்டார் என்றான்.

அவன் குப்பை என்று சொன்ன எண்ணூற்று எழுபத்தைந்தும் மொய்தீனின் வளைவுகள். ஹசீனா ஃபோனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து தன் பென்டிரைவை எடுத்தாள். வேலியும் புழுவுமாக எல்லாரும் அதில் பத்திரமாக இருந்தார்கள், முன்னூற்று ஒன்பது பேர். போன வாரம் வியாழக்கிழமை அவள் கோபத்தில் நிறுத்திய நாள் வரைக்கும் உள்ளவர்கள். அதற்குப் பிறகு பதிவானவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கடைத்தெருவிலேயே இருக்கிறவர்கள், அவர்களில் ஒருவர் மொய்தீனுக்கு மச்சான் முறை. மூன்றாவது ஆள் அப்புண்ணி.

புதுத் திரையில் அவன் இப்படி இருந்தான்: அப்புண்ணி, பாறைக்கல் வீடு, ஆலிங்கல் பாலம் தாண்டி இடது.

"பாலம் தாண்டி இடதுன்னா?" என்றார் மொய்தீன். "அது ஒரு மலை இத்தா. மலை முழுக்க இடது."

அவருக்கு அறுபது வயது. ஜீப்பை அவர் ஓட்டுவது, வேண்டாத மருமகனிடம் பேசுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு கியருக்கும் ஒரு முனகல். மற்ற வீடுகளுக்கெல்லாம் அவருக்கு வழி மனப்பாடம். இந்த வீட்டுக்கு மட்டும் அவரும் போனதில்லை, சதியும் போனதில்லை. வழியைக் காதால் கேட்டவள் ஹசீனா ஒருத்திதான். கேட்டு எழுதிவிட்டு, எழுதியிருக்கிறது என்ற தைரியத்தில் மறந்தவளும் அவள்தான்.

சதி மாத்திரையும் சீட்டும் எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

பாலம் வரைக்கும் சதி நிஷாமைத் திட்டிக்கொண்டே வந்தாள். அத்தர் குப்பி என்றாள். விமானத்தில் ஏறினால் மூளையைப் பெட்டியில் போட்டு எடை போடுவார்கள் போல, இவன் அதைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டான் என்றாள். வேறொரு நாளாக இருந்தால் ஹசீனா அதையெல்லாம் தேன் மாதிரிக் குடித்திருப்பாள். பாலம் தாண்டி இடதுபக்கம் திரும்பியதும் மொய்தீன் வேகத்தைக் குறைத்தார்.

"அவன் கெடக்கான் விடு. நீ எண்ணிப் பாக்கலியா இத்தா? நீ எப்பவும் எண்ணுவியே."

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது.

"எண்ணினேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமை."

மொய்தீன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதிதான் திரும்பினாள். இத்தனை நேரம் நிஷாமுக்காக வைத்திருந்த முகம் அப்படியே இவள் பக்கம் திரும்பியது.

"ஒரு ஃபோன் பண்ணியிருந்தா போதுமே இத்தா. அவனுக்கு வேணாம். எனக்கு."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பொன்னாடை, மேஜையில் சீட்டு. அந்த ஜீப்புக்குள் வைத்துச் சொன்னால் எப்படிக் கேட்கும் என்று ஹசீனா மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நிஷாமின் விசிட்டிங் கார்டு மாதிரி, படித்தாலும் விளங்காததாக இருந்தது.

"என்ன சொன்னா அந்தப் பொம்பள? யோசி" என்றார் மொய்தீன்.

எழுத்தாக யோசித்தால் ஒன்றும் வரவில்லை. திரை வெறுமையாகத்தான் தெரிந்தது. கண்ணை மூடிக் குரலை யோசித்தாள். கிழவி கத்திக் கத்திப் பேசியது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுவில் எழுதிட்டியா மோளே, எழுதிட்டியா மோளே என்று கேட்டது. எழுதிட்டேன் சேச்சி என்று ஒவ்வொரு தடவையும் தான் சொன்னது. புகைப்புரை என்றாள். ஆமாம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை, அது வரைக்கும் வண்டி வரும்.

"இந்த ரோட்டுல நாலு புகைப்புரை இருக்கு" என்றார் மொய்தீன்.

கூரை என்று ஏதோ சொன்னாள். கூரை விழுந்தது. போன மழைக்கு ஓடு சரிந்து, யாரும் எடுத்துக்கட்டாதது. முதல் புகைப்புரைக்குத் தகரக் கூரை. இரண்டாவதில் ஓடு முழுசாக இருந்தது. மூன்றாவது, ஒரு பக்கம் உட்கார்ந்துபோய், வாய் பிளந்த மாதிரி நின்றது. மொய்தீன் ஒன்றும் கேட்காமல் ஜீப்பை ஓரம் கட்டினார்.

அங்கிருந்து தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதை கீழே இறங்கியது. கீழே தோடு, அந்த மலை ஓடை, பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. சதி குடையை விரித்து இறங்க ஆரம்பித்தாள். ஹசீனா அவள் கையைப் பிடித்தாள்.

"இறங்காத. மழையில தோடு வேணாம்னு சொன்னாங்க. மேல சுத்திப் போகணும். மதரஸாவுக்குப் பின்னால."

"நிச்சயமா?"

"நிச்சயம். அதைச் சொல்லும்போது பின்னாடி ஒரு ஆம்பளக் குரல். தொண்டை அடைச்ச குரல். நாயைச் சொல்லு, நாயைச் சொல்லுன்னு. நாய் இருக்குன்னு எழுதச் சொன்னார்."

அது அப்புண்ணியின் குரல். தொண்டையில் புற்றோடு, வரப்போகிறவர்களை நாய் கடித்துவிடக் கூடாது என்று அவன் சொல்ல வைத்த வரி. நிஷாமின் எண்ணூற்று எழுபத்தைந்தில் அதுவும் ஒன்று.

மதரஸாவுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நடந்தார்கள். அட்டை கடித்தது. ஒரு தடவை தப்பான வரப்பில் இறங்கித் திரும்ப ஏறினார்கள். கடைசியில் குரைப்புச் சத்தம் கேட்டது. நீலத் தார்ப்பாய் போட்ட வீடு, கயிற்றில் கட்டின நாய், வாசலில் சிருதா.

கிழவி முதலில் கேட்டது மாத்திரையை. நேற்றுக் காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். ஒன்றை வாந்தியெடுத்தான், மிச்சத்தைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன் என்றாள். ஃபோன் செய்யலாம் என்றால் கடைக்காரன் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். உள்ளே கட்டிலில் அப்புண்ணி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான். பாயின் ஓரத்தைப் பல்லால் கடித்திருந்தான். நார் நாராகப் பிரிந்திருந்தது. சதி அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வாய் மூடியிருந்ததை ஹசீனா அன்றுதான் பார்த்தாள்.

வாசலில் சிருதா ஹசீனாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை வைத்து அடையாளம் தெரிந்துகொண்டாள் போல.

"ஃபோன்ல பேசினது நீதானே மோளே? ஒவ்வொண்ணா கேட்டேனே. எழுதிட்டேன்னியே."

"எழுதினேன் சேச்சி. வச்சுக்கத் தெரியல."

கிழவிக்கு அது விளங்கவில்லை. பரவாயில்லை, வந்துவிட்டீர்களே என்று கட்டன்சாயா போடப் போனாள்.

அரை மணி கழித்து அப்புண்ணி பாயை விட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, நாய் கடித்ததா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பதினேழு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், உன்னக்காய்ப் பலகாரம் ஒரு தட்டு. அத்தர் முதலில் வந்தது. நடந்தது அரைகுறையாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் நிஷாம் எழுந்து நின்று விளக்கினான். தவறு ஸ்கிரிப்டில் இல்லை என்றான். உள்ளே எழுதினவர்கள் ஒழுங்கில்லாமல் இஷ்டத்துக்கு என்டர் தட்டியிருக்கிறார்கள், நாங்கள் அங்கே இப்படி ஒருவன் தட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றான். இதை அவன் நம்பித்தான் சொன்னான். ஒருநாள் முழுக்க வலியில் பாயைக் கடித்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவன் பேச்சில் எந்தக் கட்டத்திலும் விழவில்லை. மாஷ் தலையாட்டிக்கொண்டிருந்தார். பொன்னாடை அவர் மடியில் செலஃபன் உறையோடு இருந்தது. கொடுக்கலாமா வேண்டாமா என்று அதை அவர் தடவிக்கொண்டிருந்தார். கொடுக்கத்தான் போகிறார் என்று ஹசீனாவுக்குத் தோன்றியது. வாங்கியாயிற்றே.

"இதெல்லாம் முன்னாடியே யாருக்கும் தெரிய வழியில்ல மாஷே" என்று முடித்தான் நிஷாம். "யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

அவள் மூன்று நாளாகக் கனவு கண்ட இடம் அதுதான். பர்ஸைத் திறந்தாள். சீட்டு மழையில் கொஞ்சம் நனைந்து காய்ந்து சுருண்டிருந்தது. இதை வெளியே எடுத்தால் நிஷாம் பொய்யன் ஆவான். கூடவே தான் யார் என்பதும் தெரிந்துவிடும். ஒரே சீட்டு, ஒரே தேதி. எடுக்காமல் விட்டால் இருவருமே நல்லவர்கள். அவனோடு சேர்ந்து நல்லவளாக இருப்பதா என்ற நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்து போய் மாஷின் முன்னால் சீட்டை விரித்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும் மாஷே. வியாழக்கிழமையே எண்ணினேன். ஆள் முன்னூத்துப் பன்னண்டு, வரி ஆயிரத்து நூத்து எண்பத்தேழு."

மாஷ் கண்ணாடியை மாட்டிப் படித்தார். முதலில் நிஷாமைப் பார்த்தார். நிஷாம் தன் ஃபோனைப் பார்த்தான். பிறகு மாஷ் சீட்டின் மேல்மூலையில் இருந்த தேதியைப் படித்தார். அங்கிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முப்பது வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர், பரீட்சையில் காப்பியடித்தவனைப் பார்த்த பார்வை எப்படி இருக்கும் என்று அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். அவரிடம் படித்தவர்கள்தானே.

"அப்பறம் ஏன் சொல்லல?" என்றார்.

"இவர் எல்லார் முன்னாடியும் சிரிச்சார். நானும் எல்லார் முன்னாடியும் சிரிக்கலாம்னு வச்சிருந்தேன்."

கடைசி வரிசையிலிருந்து மொய்தீன் எழுந்தார். மாஷின் மடியிலிருந்த செலஃபன் உறையை எடுத்தார். பிரித்தார். நல்ல கெட்டித் துணி, சரிகைக் கரை.

"அப்புண்ணியோட பாய் கிழிஞ்சு கெடக்கு" என்றார். "கட்டில்ல விரிக்க ஆகும். நாளைக்கு அந்தப் பக்கம்தான் போறேன்."

அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். மாஷ் காலி உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிஷாம் அடுத்த கட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டான்.

ஹசீனா தன் நாற்காலிக்குத் திரும்பவில்லை. உள்ளே போய் நிஷாமின் புது மென்பொருளைத் திறந்தாள். முதலில் ஆலிங்கல் பாலத்திலிருந்து ஆரம்பித்து அப்புண்ணியின் வழியை எழுதினாள். புகைப்புரை, விழுந்த ஓடு, மதரஸா, நீலத் தார்ப்பாய், நாய். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு என்டர். பிறகு பென்டிரைவில் இருந்த முன்னூற்று ஒன்பது பேரையும், கடைத்தெரு ஆட்கள் இருவரையும் சேர்த்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரையும் வேலியும் புழுவுமாக எழுதி வெளியே எடுத்தாள், எண்ணினாள், சரியாக இருந்தது. சீட்டில் எழுதும்போது எண்ணுக்குக் கீழே முதல் தடவையாகத் தன் பெயரையும் எழுதினாள். சீட்டைச் சுற்றிய பென்டிரைவை அலமாரியில் பூட்டவில்லை. வெளியே கொண்டுவந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சதியின் கையில் கொடுத்தாள்.

சதி வாங்கிக்கொண்டாள். பிரித்து எண்ணைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், திரையின் முன்னால் உட்கார்ந்து, தானே ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்.